கஷாய வாசனை

பங்குனி 12, வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு இன்று வந்தது. என் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி நன்றாகக் குறைந்திருக்கிறது. மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னார் டாக்டர். சீன மூலிகைக் கஷாயமும் குடிப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் வேலை செய்யும் உப்பளத்துக்கு எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. எல்லாம் என் மச்சான் வேலை. இடையஞ்சாவடியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமைக்கிறான். அங்கிருந்து அந்தச் சீன மூலிகைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து தந்தவன் அவன்தான். கஷாயம்தான் குணப்படுத்தியது என்று எல்லாருக்கும் போன் போட்டிருக்கிறான்.

தேவராஜ் உப்பு வாருவதை விட்டுவிட்டு வந்தான். அவனுக்கும் இதே நோய்.

"அண்ணே, எனக்கும் அந்தப் பொட்டலம் வாங்கிக் குடுங்க. காலையில மாத்திரையே போடல."

"ஏன்டா?"

"ரெண்டு மருந்து ஒண்ணா சேராதுல்ல?"

"டேய், நான் ரெண்டும்தான் சாப்பிட்டேன்."

"அப்போ எதுலண்ணே குறைஞ்சுது?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மாத்திரையை நிறுத்தினால் கிருமி திரும்ப ஏறும் என்று டாக்டர் சொன்னது தெரியும். சாயங்காலம் அவன் வீட்டுக்கே போய், என் கண்முன்னால் மாத்திரையை விழுங்க வைத்தேன். பொட்டலம் கேட்டான். தீர்ந்துவிட்டது, இனி வராது, நானே இப்போது மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது என் மனைவி அடுப்பில் கஷாயம் வைத்திருக்கிறாள். அந்த வாசனை தெரு முழுக்கப் போகும். தேவராஜ் வீடு நாலு வீடு தள்ளித்தான்.

எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.