மலை விளிம்பில் நிற்க வேண்டிய கார்

12 ஜூன் 1978, திங்கள். மாமல்லபுரம்.

அனல் காற்று. லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் மணல், மூடினால் புழுக்கம். கட்டிலில் போர்வை விரித்து வேலை. தயாரிப்பாளர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, ரேடியோவால் ஓட்டும் பொம்மைக் கார். முழங்கை நீளம், அத்தனையும் தனித்தனித் துண்டுகள். கிளைமாக்ஸில் ஹீரோவின் கார் மலை விளிம்பில் வந்து நிற்க வேண்டும். நிஜக் காரை அப்படி ஓட்ட முடியாது, அதனால் இது. ஒன்றுதான் இருக்கிறது. உடைந்தால் போச்சு. ஆர்ட் அசிஸ்டெண்டாக இத்தனை வருஷம். முழுப் பொறுப்பும் என் தலையில் விழுவது இதுதான் முதல் தடவை. ஷாட் வெள்ளிக்கிழமை.

துணைக்கு சலீம் பாய். செங்கல்பட்டில் ரேடியோ ரிப்பேர் கடை. பெட்டியைப் பார்த்ததும், "இன்னா சார், இத்தினி பல்சக்கரம் கீது!"

பின் அச்சு மாட்டியாயிற்று. இன்ஜின் பல்லுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே பேப்பர் துண்டு வைத்து இறுக்கி, பிறகு பேப்பரை உருவ வேண்டும். அந்த இடைவெளி போதும். எனக்கோ ஒன்று சிக்குகிறது, இல்லை வழுக்குகிறது. தலைவலி.

ஜூன் 14, புதன்

பிரேக். அச்சில் சின்னத் தட்டு, அதைக் கவ்வ இரண்டு பட்டைகள். கையில் பிடிக்கும் பெட்டியில் ஒரு குச்சி: முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் பிரேக்.

சவுக்குத் தோப்பில் ஓட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை. மரத்தில் மோதி பம்பர் வளைந்துவிட்டது. பாயிடம் கத்திவிட்டேன்.

"என்னாண்ட கத்தாத சார். ரேடியோ கரெக்டா கீது. பிரேக்கு நீ மாட்னது."

உண்மைதான். சோறு இறங்கவில்லை.

ஜூன் 15, வியாழன்

கண்டுபிடித்தாயிற்று. புகைக்குழாயிலிருந்து தெறிக்கும் எண்ணெய், நேராக பிரேக் பட்டையில். பெட்ரோலில் கழுவி, பால் டப்பா தகரத்தை வெட்டி மறைப்பு. பாய் குச்சியை இழுத்தார். சரக்கென்று நின்றது.

"கில்லாடிடா நீ" என்றார். என்னை அல்ல, காரை.

ஜூன் 16, வெள்ளி

மணல்மேட்டில் காரின் அளவுக்கு சிமெண்டில் போட்ட குட்டி மலைச்சாலை, பின்னால் கடல். கேமரா ஓடியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கார் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். டைரக்டர் மட்டும் யோசனையில்.

"நல்லாத்தான் நிக்குது. ஆனா நின்னா என்ன இருக்கு? விழட்டும். இன்னொரு டேக்."

பிரேக்கைக் கழற்ற ஸ்பேனரோடு போனேன். பாய் தடுத்தார்.

"கழட்டாத சார். நான் இழுக்காம வுட்டுடறேன், அவ்ளோதான?"

கார் கிளம்பியது. நான் பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பு நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் குச்சியோடு பின்னால் போனது.

கார் நின்றது.

"என்னய்யா ஆச்சு?" டைரக்டர் என்னிடம்தான் கேட்டார்.

"பிரேக் புடிச்சிடுச்சு சார்" என்றேன்.

அதற்குள் வெளிச்சம் இறங்கிவிட்டது. பேக்கப். நின்ற ஷாட்டையே வைத்துக்கொள்வார்களாம். என்னிடம் யாரும் பேசவில்லை. பாய் காரைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.