தராசில் ஏறிய இரண்டு கூடைகள்

பாரியோ
12 மார்ச் 2000

அன்புள்ள சுபாங்,

இங்கே மழை, எருமைகள், அப்பா மூன்றும் சுகம். மிரியில் நீயும் உன் முழங்காலும் சுகமா?

போன ஞாயிறு பைபிள் வகுப்பில் ஒரு பொடியன் கேட்டான்: "டீச்சர், நீங்க மொதல் தடவ பறந்தப்ப கீழ பாத்தீங்களா, மேல பாத்தீங்களா?" ரோடே இல்லாத நம் மலையில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிறப்பதற்கே விமானத்தில் மிரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அது எருமை வண்டி மாதிரி. நான் கீழேயும் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை, பைலட்டின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அந்தக் கழுத்து வியர்த்தால் நாம் செத்தோம் என்று நினைத்திருந்தேன். கழுத்து வியர்க்கவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்த பாதிரியாரின் தொப்பியை வாங்கி அதில் வாந்தி எடுத்தேன். வகுப்பே உருண்டு சிரித்தது.

என் முதல் பயணம் உன்னுடையதைவிட இரண்டு வருடம் பிந்தியது என்பதையும் சொன்னேன். மருடி ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நாம் இருவரும் ஓடுதளத்துக்கு ஒன்றாகத்தானே நடந்து போனோம்? விமானம் தாங்கும் எடை மிஞ்சிவிட்டது. அன்று ஒரு நோயாளியும் அவர் மனைவியும் கட்டாயம் போக வேண்டியிருந்தது; மற்றவர்களில் கனமானவர் இறங்க வேண்டும் என்பது நம் ஊர் ஓடுதளத்தின் வழக்கம். தராசுக்காரர் என் அப்பாவேதான். முள்ளைப் பார்த்துவிட்டு, "முஜான், நீ இறங்கும்மா" என்றார். நீ போனாய், நர்ஸ் ஆனாய். அடுத்த விமானம் வருவதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள், நான் தம்பிகளுக்குச் சோறு வடித்தேன், பிறகு டீச்சர் ஆனேன். "முஜான் ஏறினா பைலட் இறங்கணும்" என்று என் கல்யாணத்தில்கூடக் கத்தினார்களே!

ஈஸ்டர் கூட்டத்தில் எல்லோருடைய முதல் பயணக் கதைகளையும் பிள்ளைகளுக்கு வாசிக்கப் போகிறேன். உன்னுடையதை எழுதி அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் பேனாவை எடுக்கிறவள் நீ. இந்தத் தடவை சாக்கு சொல்லாதே.

உன்
முஜான்


மிரி
2 ஏப்ரல் 2000

என் முஜான்,

மழை வருவது எனக்கு முன்னே முழங்காலுக்குத் தெரிகிறது. மற்றபடி சுகம்.

கதை கேட்டாயே, எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, பயம்தான். என் அம்மா என் கூடையில் என்னவெல்லாம் திணித்திருந்தாள் தெரியுமா? மருடி அத்தைக்கு அரிசி, இலையில் சுற்றிய உப்பு, புகை போட்ட காட்டுப்பன்றி, போதாதற்கு இரண்டு அன்னாசி. விமானம் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை அந்தக் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தேன். விழுந்தாலும் கூடையோடு விழுவோம் என்றுதான். மருடியில் இறங்கியபோது தொடை மரத்துப்போய் நடக்க வரவில்லை. பயத்தில் என்று நினைத்து யாரோ கையைப் பிடித்து இறக்கினார்கள். பயமில்லை, அன்னாசி!

இன்னொன்றும் நினைவிருக்கிறது. விமானத்தின் விசிறி சுற்ற ஆரம்பித்த பிறகு உன் அப்பா ஓடி வந்து பின்பக்கக் கதவைத் திறந்தார். ஓர் அரிசி மூட்டையைத் தோளில் இழுத்துப் போட்டு இறக்கினார். பைலட் திரும்பிப் பார்த்து என்னவென்று கையால் கேட்டான். உன் அப்பா தலையை மட்டும் ஆட்டினார். வேலி ஓரம் நீ நின்றாய். நான் கை காட்டினேன், நீ காட்டவில்லை. மேலே போனதும் ஊரே ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நம் நெடுவீடு வயலில் யாரோ மறந்து போட்ட துடைப்பம் மாதிரி கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

இனி என் செய்தி. ஆகனுக்கு மகன் பிறந்திருக்கிறான். ஜூன் பத்தாம் தேதி பெயர் விருந்து. பேரன் வந்ததால் நம் வழக்கப்படி எனக்கும் புதுப் பெயர். ஆகன் பிறந்ததும் ஊரெல்லாம் என்னை 'சினா ஆகன்' என்று, ஆகனின் அம்மா என்று, கூப்பிட ஆரம்பித்தது. நீ மட்டும் சுபாங்கை விடவில்லை. இப்போது எந்தப் பெயர் வைத்தாலும் நீ சுபாங் என்றுதான் கூப்பிடுவாய், தெரியும். பெயர் சொல்லும்போது என் பக்கத்தில் உட்கார வேண்டியவள் நீதான். எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. வா.

உன்
சுபாங்


பாரியோ
23 ஏப்ரல் 2000

மதிப்புக்குரிய சினா ஆகன் அவர்களுக்கு,

இந்தப் பெயரில் உன்னை நான் கூப்பிட்டதே இல்லை. இன்று கை இப்படித்தான் எழுதுகிறது.

உன் கதையைப் பிள்ளைகளுக்கு வாசிக்கவில்லை. கூடை மடியில் இருந்தது என்ற வரியில் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான், ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு கூடை. ஒருத்தி இரண்டு கூடைகளையும் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுகிறாள். மற்றவள் வெறும் கையோடு ஏறுகிறாள். யார் கனம்?

இப்போது எனக்கு நன்றாக நினைவு வருகிறது. என் இடது கையில் என் கூடை. வலது கையில் உன்னுடையது. "கொஞ்சம் பிடி" என்றாய். நம் ஊரில் யாராவது எதையாவது நீட்டினால் கை தானாக வாங்கிக்கொள்ளும், ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை. இரண்டோடும் நான் ஏறினேன். நீ உன் முறை வந்தபோது இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டே ஏறினாய். அழகாக இருந்தது. இறங்கியதும் கூடையை வாங்கிக்கொண்டாய். அது தராசில் உன் பேரில் நிற்கவே இல்லை. ஆனால் உன் மடியில் மருடிக்குப் போயிருக்கிறது.

சந்தேகம் அரிசியில் புழு மாதிரி. ஒன்று கண்ணில் பட்டால் கை மூட்டை முழுவதையும் கிளறிப் பார்க்கிறது. மருடி போனவள் ஏன் அவ்வளவு நாள் எனக்கு எழுதவில்லை? முதல் சம்பளத்தில் எனக்கு ஏன் வெள்ளைத் துணி அனுப்பினாய்? நர்ஸ் உடுப்பின் அதே துணி. அன்புக்கா, பரிகாரத்துக்கா? அன்றும் எனக்கு என்னவோ போல இருந்தது. அதனால்தான் அது இன்னும் வெட்டாமல் பெட்டியில் கிடக்கிறது.

சாதாரணமாகத்தான் கேட்கிறேன். தெரிந்து தந்தாயா, தெரியாமல் தந்தாயா? பதில் வரும்வரை விருந்துக்கு என்னை எண்ணாதே.

இப்படிக்கு
சினா ரினாய்


மிரி
9 மே 2000

முஜான்,

நான் பெயரை மாற்றப் போவதில்லை. ரினாயின் அம்மா என்று நீ எப்படி வேண்டுமானாலும் கையெழுத்துப் போடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர், "ஊர்ல யாரு செத்தாங்க?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை, நான்தான் என்றேன்.

டீச்சர் அம்மா, உங்கள் கணக்கு சரி. ஆனால் பாதியில் பேனாவை வைத்துவிட்டீர்கள்.

முதலில் கூடை. "கொஞ்சம் பிடி" என்று சொன்னது நான்தான். ஆனால் நானாகச் சொல்லவில்லை. உன் அப்பா தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "ஏய் சுபாங், அத அவகிட்ட குடு. பலகை சின்னது, தடுமாறி விழுந்து தொலைக்காத" என்றார். நான் நீட்டினேன். நீ, "குடுடி, கல்லா வச்சிருக்க?" என்று கேட்டாய். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நினைவிருக்கிறதா? உன் அப்பா சிரிக்கவில்லை. அவர் எப்போதுமே சிரிக்காதவர், அதனால் நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இனி நீ விட்ட பாதி. நீயும் இரண்டு கூடைகளும் இறங்கியாயிற்று என்றால், கணக்குப்படி விமானம் தாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. பிறகு ஏன் ஒருவர் சுற்றுகிற விசிறிக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து அரிசி மூட்டையை இறக்க வேண்டும்? உன் பேரில் கழித்த இரண்டு கூடைகளில் ஒன்று என் மடியில் போகிறது என்று தெரிந்தவர்தானே அந்த எடையைக் குறைப்பார்? அது எனக்குத் தெரியாது. பைலட்டுக்கும் தெரியாது. உன் கடிதம் வந்த பிறகுதான் நானும் உட்கார்ந்து யோசித்தேன்.

எழுதவில்லை என்றாய். எழுதினால் நீ அழுவாய் என்று எழுதவில்லை. வெள்ளைத் துணி பரிகாரம் இல்லை. ஓடுதளத்துக்கு நடந்தபோது, "வெள்ளை உடுப்புப் போட்டா எனக்கு எப்படிடி இருக்கும்?" என்று நீ கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, சேறு தாண்டுவதில் கவனமாக இருந்தேன். அந்தத் துணிதான் பதில்.

உன் அப்பாவுக்கு வயதாகிவிட்டது. கேட்பதும் கேட்காமல் இருப்பதும் உன் விருப்பம். என்னிடம் இனிக் கேட்காதே. விருந்தில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு வைப்பேன். நீ வராவிட்டால் அதில் ஒரு கூடையை வைப்பேன்.

சுபாங்


பாரியோ
28 மே 2000

என் சுபாங்,

முதலில் மன்னிப்பு. அதற்கு உதாரணம் எதுவும் என்னிடம் இல்லை. அதனால் வெறுமையாகவே கேட்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், உன் கடிதத்தையும் நான் உடனே நம்பவில்லை. காது கேட்காத கிழவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே திரிந்தேன். நேற்றுக் காலை அடுப்பங்கரையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்கு சுபாங் கூடைய என் கையில குடுக்கச் சொன்னீங்களா?"

"எந்தக் கூடை?"

"மருடிக்குப் போன கூடை."

"மருடிக்கு எத்தனையோ கூடை போச்சு."

"சரி. அரிசி மூட்டைய ஏன் இறக்கினீங்க?"

நான் மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் கத்தி நின்றது. அவர் நினைத்தால் நன்றாகவே கேட்கிறது, சுபாங்.

"அந்தப் பொண்ணு கூடைக்கு எடை போடலியே. பிளேன் மலையில முட்டியிருந்தா?"

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

"உங்கம்மா போயி ஒரு அறுவடைகூட ஆகல. கடைசிப் பயலுக்குப் பால்பல்லு விழல. நீயும் போயிட்டா நான் யாரப் பாத்து எந்திரிப்பேன்?"

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கேட்டிருப்ப. கேட்டுட்டு ஆயுசுக்கும் என்னைப் பாத்து மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப. தராசு சொன்னா யாரு மேல கோவப்படுவ?"

"என் தொடை மேல கோவப்பட்டேன்பா. இத்தன வருசமா."

அவர் கத்தியைத் திருப்பி, ஏற்கெனவே தீட்டிய பக்கத்தையே மறுபடி தீட்டினார்.

அவருக்குப் பல் இல்லை. தினமும் சோற்றைக் குழையக் குழைய வடித்து இலையில் பொதிந்து கொடுப்பேன். நேற்று ராத்திரி விதைவிதையாக வடித்து வைத்தேன். மென்று பார்க்கட்டும். கடைசிப் பருக்கைவரை வாயில் உருட்டிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இன்று காலை மறுபடியும் குழைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. சோறு குழைந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நர்ஸ் ஆகியிருப்பேனா? தெரியாது. மருடியில் என்னை எடுக்காமலே போயிருக்கலாம். ரத்தத்தைப் பார்த்து மயங்கியிருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்கிற உரிமை என்னுடையது. அதை ஒருவர் தராசின் பக்கத்தில் குந்தியபடி எடுத்துக்கொண்டார். நான் அவரை விட்டுவிட்டு உன்மேல் சந்தேகப்பட்டேன். உன்மேல் சந்தேகப்பட்டால் நீ மிரியில் இருக்கிறாய், கடிதத்தோடு போயிற்று. அவர்மேல் பட்டால் தினமும் ஒரே அடுப்பில் சமைக்க வேண்டும். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அந்த வெள்ளைத் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மடிப்பு மட்டும் மஞ்சள் பாய்ந்திருந்தது. மடிப்பை விட்டு வெட்டி மேல்சட்டை தைத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் ஜூன் எட்டாம் தேதி விமானத்தில் வருகிறேன். மேகம் விலக வேண்டும், ஜெபம் செய். அந்த நாற்காலியில் கூடையை வைத்துவிடாதே.

அப்பா தராசுவரை கூட வருகிறேன் என்கிறார். ஓடுதள வாசலோடு நிற்கச் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்தே எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அந்தப் பொடியன் இன்று மறுபடி வந்தான். "டீச்சர், உங்க கூட்டாளி கீழ பாத்தாங்களா, மேல பாத்தாங்களா?" என்று கேட்டான். கூடையைப் பார்த்தாள் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவனானால் வரும்.

விருந்து முடிந்ததும் நீயும் என்னோடு ஊருக்கு வந்துவிட்டுப் போக வேண்டும். இப்போதும் இந்த வழியில் ஆளையும் பையையும் நிறுத்துத்தான் ஏற்றுகிறார்கள். கிளம்பும்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் எதையாவது உன் கையில் திணிப்பார்கள். அதனால் ஒன்று செய்து பார்: தராசில் கால் வைக்கும் முன் கையில் இருப்பதையெல்லாம் கீழே வைத்துவிட்டு, முதலில் வெறும் கையோடு ஏறி நில்.

உன்
முஜான்