அப்பாவின் நம்பருக்கு ஏற்ற ஃபோன்

என் அன்புக்குரிய சந்தேகக்கார அப்பா,

உங்கள் பொத்தான் ஃபோன் செத்துவிட்டது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. பழைய நெட்வேர்க்கை நிறுத்தப்போகிறோம், புது ஃபோன் வாங்குங்கள் என்று கம்பனிக்காரன் மெசேஜ் அனுப்பியிருந்தான். விற்பதற்கான தந்திரம் என்று நினைத்து நான் அழித்துவிட்டேன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

"அந்த நம்பர விட்டுருங்க ரீட்டா. உங்கட அண்ணன் ஜூட் கோல் எடுக்கிறதெண்டா எப்பவோ எடுத்திருப்பார்" என்றார் என் வீட்டுக்காரர் அன்ரன். நல்ல மனதோடுதான் சொன்னார். இருந்தாலும் இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று ஒரு நிமிடம் அவரையும் பார்த்துக்கொண்டேன். நான் உங்கள் மகள் அல்லவா?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபோனுக்குக் காசு கட்டி ரீலோட் போட்டால் மறுநாளே குறைந்துவிடும். ஜூட் அண்ணா களவாக எடுத்துக் கதைக்கிறார் என்று முடிவு கட்டினீர்கள். கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க, அவரைக் கள்ளன் என்றீர்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். இத்தாலிக்குப் போய்விட்டார் என்று பிறகு யாரோ சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

அவர் போன பிறகும் ரீலோட் குறைந்தது. கவுண்டரில் போய்ச் சண்டை பிடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏதோ ஒரு பாட்டுச் சேவைக்கு நீங்களே பொத்தானை அமத்திச் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். கம்பனி அதற்குத் தினமும் காசு வெட்டிக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. ஆனால் உங்களை ஏமாற்றிய அதே கம்பனியின் சிம்மைச் சாகும்வரை மாற்றவும் இல்லை. அண்ணாவுக்கு மனப்பாடமான நம்பர் அது ஒன்றுதான். போன தவக்காலத்தில் உங்களை அடக்கம் பண்ணியபோது அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு நம்பரும் இருக்கவில்லை.

இதற்காகத்தான், அப்பா, ஃபோன் தேடிப் புறப்பட்டேன். எனக்கென்றால் என்னவோ ஒன்றை வாங்கியிருப்பேன். உங்கள் நம்பருக்கு வாங்குவது லேசான வேலையாக இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனைக் கடையில் ஒருவன், "மிஸ், இதுல எல்லா சிம்மும் வேல செய்யும்" என்று பளபளவென்று ஒன்றை நீட்டினான். பாவம் மிஸ், பழைய ஃபோனோடு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று கவலைப்பட்டான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சிம்மைப் போட்டுப் பார்த்தேன். சிக்னல் நிறைந்திருந்தது, இன்டர்நெட் ஓடியது. அன்ரனுக்கு ஒரு கோல் எடுத்தால் போகவேயில்லை.

"வட்ஸ்அப்ல கதைக்கலாம்தானே மிஸ்" என்றான். அண்ணா எடுத்தால் அந்தப் பழைய நம்பருக்குச் சாதாரணக் கோல்தான் எடுப்பார் என்பதை அவனிடம் எதற்குச் சொல்வது? சிம்மைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில், காலிக்குப் போகும் பெரிய வீதிக் கடையொன்றில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருந்தார், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டேன். சிம்மைப் பார்த்ததும் விலை கூடிய ஃபோன்களைத் திரும்பவும் கண்ணாடிக்குள் வைத்தார்.

"தங்கச்சி, இந்தக் கம்பனி புது நெட்வேர்க்குல எல்லா ஃபோனுக்கும் கோல் தொறந்து வுட இல்ல. பழைய நெட்வேர்க் இரிந்த காலத்துல அது வெளங்க இல்ல, இப்பதான் ஆக்கள் மாட்டுப்படுறாங்க. இந்தச் சின்னத எடுங்க. இதுல போகும். வெலயும் கொறவு."

மலிவானதைக் காட்டும் கடைக்காரனை எப்படி நம்புவது? விற்காமல் கிடக்கும் சரக்கோ, திருத்திய ஃபோனோ என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெட்டியிலிருந்த இலக்கத்தை அரசாங்கத்துக்கு மெசேஜ் அனுப்பிச் சரி பார்த்தேன். பதிவான ஃபோன் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அனுப்பியது யார் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் சோதனை ஒன்று மீதமிருந்தது. நீங்கள் வேலை செய்த துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்குள் கேட்காத ஃபோன் ஃபோனே அல்ல என்பீர்களே. வெள்ளவத்தையில் கிரேனுக்கு எங்கே போவது? ஃபோனைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் ரயில் வரும்போது கதைத்துப் பார்க்கவேண்டும் என்றேன். நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அடையாள அட்டய வச்சிட்டுப் போங்க" என்றார். என் அட்டையை வைத்து இவர் என்ன செய்வாரோ என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார். ரயில் கடகடவென்று கடக்கும்போது அன்ரனின் குரல் நன்றாகக் கேட்டது. "எங்க நிக்கிறீங்க, ரயிலுக்குள்ளயா?" என்றார். வாங்கிவிட்டேன்.

கடைசியில் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? தெரியாத வெளிநாட்டு நம்பர்களை அடிக்கவிடாமல் தடுக்கும் வசதி அதில் இருந்தது. லொத்தர் பரிசு விழுந்தது, பார்சல் வந்தது என்று எடுக்கும் ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து அதைப் போட்டுத் தரும்படி நானேதான் நானாவிடம் கேட்டேன். யாருக்காக அந்த நம்பரை வைத்திருக்கிறேன் என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து ஃபோனைப் பார்த்தேன். வெளிநாட்டு நம்பர் ஒன்று சிவப்பில் கிடந்தது. 'சந்தேகத்துக்குரிய அழைப்பு' என்று ஃபோனே எழுதியிருந்தது. முதலில் ஒரு சின்ன அழைப்பு, உடனே இன்னொன்று. திருப்பி எடுத்தால் ரீலோட்டை விழுங்கும் கூட்டமாக இருக்கும் என்று அழிக்கப் போனவள் நின்றுவிட்டேன். இரண்டு தரம் அடித்து வெட்டு, பிறகு திரும்ப எடு, அப்படியென்றால்தான் நம்முடைய ஆள் என்று நீங்கள் நமக்குப் பழக்கிய வழக்கம் அல்லவா அது?

தடையை எடுத்துவிட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போன பிறகு அடித்தது. இரண்டு தரம், பிறகு வெட்டு. திரும்ப அடித்தது. எடுத்து, ஹலோ சொல்லாமல், "ஆர் கதைக்கிறது?" என்றேன்.

"ஆர் நீங்க? இது எங்கட அப்பாட நம்பர். உங்கட்ட எப்பிடி வந்தது?" என்றது ஒரு ஆண் குரல்.

குரலைக் களவாடிக் கதைக்கிற காலம் அப்பா இது. "எங்கட வீட்டுப் பூனைக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"பூனையா? அப்பா பூனைய நம்பமாட்டாரே" என்றது குரல். "ரீட்டாவா?"

"ஓம் அண்ணா."

அவர் சிரித்தார். மகள் பிறந்திருக்கிறாள், ஞானஸ்நானம் வைக்கப்போகிறோம், அப்பாவின் ஆசீர்வாதம் வேண்டும் என்றார். "அப்பாட்ட குடு. ரீலோட் கள்ளன் லைன்ல நிக்கிறான் எண்டு சொல்லு."

போன தவக்காலத்தில் உங்களை அடக்கம் பண்ணியதைச் சொன்னேன். பொய் சொல்லாதே என்றார். பாட்டுச் சேவைக் கதையையும், நீங்கள் சிம்மை மாற்றாமல் காத்திருந்ததையும் அழுதுகொண்டே சொன்னேன். லைன் வெட்டுப்பட்டது.

பின்னேரம் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. குழந்தை நெற்றியைச் சுருக்கி, படம் எடுத்தவனை நம்பாமல் பார்க்கிறது. முகம் அப்படியே உங்களுடையது. பார்த்துச் சிரித்தேன், பிறகு வெகுநேரம் அழுதேன்.

மறுநாள் வேலைக்குப் புறப்படும் நேரம் திரும்பவும் இரண்டு தரம் அடித்து வெட்டுப்பட்டது, திரும்ப அடித்தது. எடுத்து, "என்ன அண்ணா, வட்ஸ்அப்ல எடுக்கலாமே, ஏன் சல்லியக் கொட்டுறீங்க?" என்றேன்.

"ஒண்டுமில்ல" என்றார். "அப்பா எடுப்பாரோ எண்டு பார்த்தன்."

அவர் இன்னும் நம்பவில்லை அப்பா. உங்கள் பிள்ளைதானே, லேசில் நம்புவாரா? வந்து உங்கள் கல்லறையைக் கண்ணால் பார்க்கும்வரை அடித்துக்கொண்டேதான் இருப்பார். அதுவரையும், அதற்குப் பிறகும், அந்தப் பழைய சிம்முக்கு நான் ரீலோட் போடுவேன், எங்கே போனாலும் ஃபோனைக் கையில் வைத்திருப்பேன், அவர் எடுக்கும் எந்தக் கோலையும் அடித்து ஓயவிட மாட்டேன். இந்த ஒரு சொல்லை மட்டும் சோதிக்காமல் நம்புங்கள்.

பூனை வளர்க்காத வீட்டிலிருந்து,
ஜூட்டின் தங்கை, உங்கள் மகள்,
ரீட்டா