ஆற்றைவிட மெதுவான கணக்கு

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழேகாலுக்கு வெள்ளத்தைக் கணிக்கும் கணினி நிரலை ஓடவிட்டேன். பத்தேகாலுக்குத்தான் முடிந்தது. கீழ்த்தெருவில் இரண்டடி தண்ணீர் வரும் என்று திரை சொன்னது. அந்தத் தண்ணீர் ஒன்பதரைக்கே தங்கை வீட்டுக்குள் புகுந்திருந்தது.

ஜூன் 4, புதன்

தங்கை வீட்டுக்குப் போனேன். சுவரில் முழங்காலுக்கு மேல் சேற்றுக் கோடு. அவள் கணவர் வெளியூரில். தனியாளாகக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிவீட்டுக்கு ஏறியிருக்கிறாள். தலையணையைப் பிழிந்தபடியே கேட்டாள்: "ஆத்துல எவ்ளோ தண்ணி வரும்னு பாக்குறதுதானே உன் வேலை? கூடப் பொறந்தவளுக்கு ஒரு போன் பண்ண முடியலையா?"

துடைப்பத்தை எடுத்துச் சேற்றைத் தள்ளினேன். மூணு மணி நேரம் அப்படி என்னத்தைத்தான் கிழிக்குது அந்த நிரல்? எழுதினது நான்தானே!

ஜூன் 5, வியாழன்

மேலதிகாரியிடம் பெரிய கணினி கேட்டேன். "ஆறு மாசம் ஆகும்மா. அதுவரைக்கும் மழையைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு." சொன்னவர் முகத்திலும் சிரிப்பில்லை.

ஜூன் 9, திங்கள்

நிரல் நான்கு நாள் ஆற்றை இரண்டு விநாடிக்கு ஒரு படியாகக் கணக்கிடுகிறது. ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் படிகள். ஆயிரம் படிக்கு ஒருமுறை பிடித்த நேரத்தைக் காட்டச் சொன்னேன். முதல் ஆயிரத்துக்கு இரண்டரை விநாடி. கடைசி ஆயிரத்துக்கு இரண்டு நிமிடம்! அதே கணக்கு, அதே ஆறு. போகப்போக ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

ஜூன் 10, செவ்வாய்

பிடித்துவிட்டேன். கோளாறு கணக்கில் இல்லை, விடையை எழுதி வைக்கும் விதத்தில். ஒவ்வொரு விடையையும் வரிசையின் வாலில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அங்கே இடம் இருக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் வேறு இடம் தேடி, பழைய எண்கள் அத்தனையையும் நகலெடுத்து, பிறகு புதிய ஒன்றைச் சேர்க்கிறது. ஒரு நாற்காலி வாங்கியதற்காக வீட்டையே காலி செய்து குடிபோவது போல.

மொத்தம் எத்தனை படி என்பது தொடங்கும்போதே தெரியும். அவ்வளவு இடத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, விடையை அதனதன் இடத்தில் எழுதினால் போதும். விடைகளுக்கு மொத்தம் ஆறே வரிசைகள், மாற்றியது பன்னிரண்டு வரி.

ஏழு நிமிடம்.

மறுபடி ஓட்டினேன். ஏழு நிமிடம். பக்கத்து மேசை வரைபடக்காரர் "ஏம்மா அழுற?" என்றார். அழுவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெறும் பன்னிரண்டு வரி. ஒரு வாரம் முன்னாடி பாத்திருந்தா—

ஜூன் 11, புதன்

மானம் போச்சு. மேலதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டினால், நீர்மட்ட வரைகோட்டின் கடைசிப் புள்ளியில் ஆறு வறண்டு கிடக்கிறது. "நாலாம் நாள் ஆத்தை யாரும்மா குடிச்சது?"

ஒதுக்கிய இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பியிருந்தேன். படிகளை ஒவ்வொன்றாக ஓட்டும் சுற்று ஒரு படி முன்னதாகவே நின்றுவிட, கடைசிப் பூஜ்யம் அப்படியே தங்கிவிட்டது. அதுவும் ஒரு நீர்மட்டம் மாதிரியே வேஷம் போடுகிறது. சுற்றைத் திருத்தினேன். இனி நிரப்புவது மைனஸ் 9999. எழுதாமல் விட்ட இடம் தானே கத்தும்.

ஜூன் 13, வெள்ளி

பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டோம். எண்ணுக்கு எண் பொருந்தியது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். தங்கை இன்னும் போன் எடுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

எட்டு மணிக்கு மழையளவு வந்தது. எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு விடை: பத்தரைக்குக் கீழ்த்தெருவில் இரண்டரை அடி. எட்டேகாலுக்கு ஊருக்கு எச்சரிக்கை போனது. அதன்பிறகே தங்கைக்கு அழைத்தேன். மூன்றாம் முறை குழந்தை எடுத்தாள்.

"பெரியம்மா, அம்மா பேச மாட்டாங்களாம்."

"பேச வேணாம் கண்ணு. தண்ணி வருது, எல்லாத்தையும் மேல ஏத்தச் சொல்லு."

போனை வைக்கவில்லை. கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது.

தண்ணீர் பத்து நாற்பதுக்கு வந்தது.

ஜூன் 26, வியாழன்

மதியம் தங்கையே அழைத்தாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "அக்கா, நாளைக்கு மெத்தையைக் கீழ எறக்கலாமா?"

நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எறக்கு" என்றேன்.