குட்டை ஸ்பிரிங்கா, காயிலோவரா?

ஜூன் 9
காரின் முன்பக்க ஸ்பிரிங் உடைந்துவிட்டது. கொச்சியில் தேடிப்பிடித்து வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். அதன் உயரம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. எப்படியும் மாற்றத்தானே வேண்டும், தாழ்வாகவே மாற்றிவிடலாம்.

ஜூன் 11
குத்துக்கல்வலசையில் மெக்கானிக் சிவசைலம் அண்ணாச்சியைப் பார்த்தேன். "குட்டை ஸ்பிரிங்னா பழைய ஷாக்லயே மாட்டிரலாம் தம்பி. ஆனா ஒரே உயரந்தான், குலுக்கி எடுத்துரும். காயிலோவர்ல ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்தே வருது. உயரத்தையும் இறுக்கத்தையும் கூட்டலாம், குறைக்கலாம்." குட்டை ஸ்பிரிங்கே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 12
மனைவி மிஸ்ரியாவிடம் சொன்னேன். "என்னத்தையும் மாட்டுங்க. பிள்ளை பெறுத வரைக்கும் நான் அதுல ஏறமாட்டேன்."
ஐந்தாம் மாதம். போன வருஷம் கரு கலைந்ததற்கும் பைக் பள்ளத்தில் இறங்கியதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னார்! அவள் நம்பவில்லை.
நான் மட்டும் நம்பினேனா? ஓட்டியவன் நான்தானே.

ஜூன் 13
தொழுதுவிட்டு அண்ணாச்சிக்கு போன் போட்டேன். காயிலோவரே போடுங்க, உயரத்தைக் குறைக்க வேண்டாம், இறுக்கத்தை முடிந்த மட்டும் குறைத்து வையுங்க.
"தாழ்த்தாம இருக்கதுக்கு எதுக்கு தம்பி காயிலோவர்?"
எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

ஜூன் 28
மாட்டியாயிற்று. பக்கத்து சீட்டில் ஒரு தர்பூசணியை வைத்து, பெல்ட் போட்டு, வடகரை வரை போய்வந்தேன். உருளவில்லை. எனக்கே சிரிப்பு.

ஜூலை 6
இன்று செக்கப். நல்ல மழை, ஆட்டோ கிடைக்கவில்லை. மிஸ்ரியா காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மெல்லப் போவீயளா?"
வயிற்றில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்தாள். முதல் வேகத்தடையில் கண்ணை மூடிக்கொண்டாள்.
"தாண்டியாச்சா?"
"எப்பவோ தாண்டியாச்சு."
நாலாவது தடையில் ஒரு கையை எடுத்து, கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.
எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். திரும்பும்போது, "குத்தாலம் வரைக்கும் போவோமா?" என்கிறாள். ஏட்டி, நீயா கேக்குத! ஐந்தருவி வரை போனோம். சாரலில் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டாள். எனக்குத்தான் கண் கலங்கி ரோடு தெரியவில்லை.

ஆகஸ்ட் 19
"கொஞ்சம் தாழ்த்திரட்டுமா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 24
பெண் பிள்ளை. மூன்று கிலோ.
இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஸ்ரியா, பிள்ளை, மாமியார் ஜாஹிரா பீவி — இரண்டு சீட்டில் எப்படி? அவர்கள் ஆட்டோவில் ஏறினார்கள். நான் காலி சீட்டோடு பின்னால் போனேன். ஆட்டோக்காரர் ஒவ்வொரு தடையிலும் நின்று நின்று ஏறினார். எனக்குப் பின்னால் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான்.
அடிக்கட்டும்.