விளக்குக் கம்பமும் ரொட்டி அடுப்பும்

மே 11, சனி
இன்றும் வென்றுவிட்டோம். மூன்றுக்கு ஒன்று. ஸ்தாமெனைக் கையில் பிடிக்க முடியவில்லை. முப்பது வருடமாக ரொட்டி சுடுகிறவர். நான்கு வருடமாக ஊர்க் கால்பந்துக் கழகத்தின் தலைவர். என் கணவராக இருப்பதெல்லாம் ஓய்வு நேரத்தில்தான்.

மே 14
கோல் அடிக்கவென்றே ப்ளோவ்திவ் நகரத்திலிருந்து கூட்டிவந்த க்ருமோவுக்குச் சம்பளத்தோடு தினமும் இரண்டு தட்டு பனீட்சா, உள்ளே சீஸ் வைத்துச் சுட்டது, சூடாக. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஓடுவது குறைந்து உருளுவது கூடிவிட்டது.

மே 19
விஷயம் இன்றுதான் வெளியே வந்தது. இரண்டாம் பிரிவுக்கு ஏறினால் மைதானத்தில் நான்கு விளக்குக் கம்பங்கள் நட வேண்டுமாம். க்ருமோவ் சம்பளத்துக்கே எங்கள் வேன் வங்கியில் அடமானம். மிச்சம் ரொட்டிக்கடைதான். அது அப்பா என் பெயருக்கு எழுதிவைத்தது.
"ஒரு கையெழுத்துதான், தோத்கா. மேல போயிட்டா டிவி பணம் கொட்டும்."
"கொட்டலைன்னா?"
"உன் வாயில நல்லதே வராதா?"
வங்கியின் அடமானப் படிவத்தை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

மே 25
கடைசி ஆட்டம். வென்றால் ஏற்றம். முக்கியமான வேலையாகக் கிளம்புகிறவர் பின்னால் வாசலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். காரியமும் தண்ணீர்போலத் தடையில்லாமல் ஓடும். எப்போதும் ஒரு செம்பு ஊற்றுவேன். இன்று கால் டம்ளர். அதிலும் பாதி பூந்தொட்டிக்கு.
"என்ன, தண்ணிப் பஞ்சமா?"
"முழங்கால் வலி. குனிய முடியல."
என்ன ஜென்மம் நான்? சொந்தப் புருஷன் தோக்கணும்னு —

அன்றே, மாலை
வென்றுவிட்டோம். க்ருமோவின் வயிற்றில் பட்டு உள்ளே போனது பந்து. பனீட்சா வீண்போகவில்லை, கோப்பை எங்களுக்கே. நானும் வெட்கமில்லாமல் கத்தினேன்.

மே 26
கொண்டாட்டத்தில் யாரும் மாவு பிசையவில்லை. முப்பது வருடத்தில் முதல்முறையாகக் கடையில் ரொட்டி இல்லை. நேற்று அவரைத் தோளில் தூக்கி ஆடிய அதே கூட்டம் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டியது.
"தலைவரே, கோப்பையைப் பிச்சா திங்க?"
"கம்பத்துல ரொட்டி காய்க்குமா?" இது எதிர்வீட்டு ஸ்லாத்கா. நேற்று அவர் கன்னத்தில் முத்தமிட்டவள்.
 அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மாவில் கைவைத்தார்.

மே 30
சாப்பாட்டு மேஜையில் நானே படிவத்தை எடுத்துவைத்தேன். நான்கு நாளாக மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை, பார்க்கச் சகிக்கவில்லை.
"ஆசைப்பட்டீங்க. போட்டுடட்டுமா?"
"கடை போயிட்டா இவனுங்க என்கூடப் பேசுவானுங்களா?"
"ஏன் பேசாம? ரொட்டி எங்கேன்னு கேப்பாங்க."
சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். படிவத்தை நாலாக மடித்து அடுப்பில் போட்டார்.

ஜூன் 7
இரண்டாம் பிரிவு வேண்டாம் என்ற கடிதத்தோடு இன்று தலைநகர் சோபியாவிலிருக்கும் கால்பந்துச் சங்கத்துக்குக் கிளம்பினார். வேன் கடன் இருக்கிறது; ரொட்டி விற்று அடைப்போம். க்ருமோவ் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். போகும்போது நான்கு தட்டு பனீட்சா கட்டிக்கொண்டுதான் போனான்.
வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.
"முழங்கால் வலி எப்படி இருக்கு?"
எல்லாம் தெரிந்திருக்கிறது மனிதருக்கு.
"இன்னிக்குப் பரவாயில்ல."
ஒரு வாளி நிறைய ஊற்றினேன். அவர் ஷூவெல்லாம் நனைந்துவிட்டது.