ஆறு டாமிக்கும் ஒரே கையெழுத்து

ஆம்பூர்
புதன்கிழமை, மத்தியானம்

அன்புத் தம்பி டாக்டர் ஜான்சனுக்கு, அக்கா பிரிசில்லா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், பிள்ளைங்க சுகம். நீ சுகமான்னு இன்னிக்கு நான் கேக்கப் போறதில்ல.

நேத்து போன்ல பாதிப் பேச்சுல கட் பண்ணிட்ட. திருப்பி அடிச்சா சுவிட்ச் ஆஃப். சரி, பேசினாத்தானே கட் பண்ணுவ? அதான் எழுதறேன். கம்பெனி ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்ல உக்காந்து, சாப்பாட்டு டப்பாவைக்கூட திறக்காம எழுதறேன். முடிச்சதும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடுவேன். நான் சொல்ல வந்ததை நேத்து நீ சொல்லவே விடல, அதனால முதல்லேர்ந்து சொல்றேன். கடைசி வரைக்கும் படி.

திங்கக்கிழமை சாயந்திரம், ஷிஃப்ட் விட்ட நேரம். ஸ்டிச்சிங் லைன்ல வேலை செய்யற ஜாஸ்மின் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்க்கிட்டிருந்தா. ஸ்கிராப் ஷெட்டுக்கிட்ட குட்டி போட்டிருக்கே ஒரு நாய், அது பாய்ஞ்சு வந்து கெண்டைக்கால்ல கடிச்சிருச்சு. லேசான கடி இல்ல. ரத்தம் செருப்பு வரைக்கும் வழிஞ்சுது. அவளுக்கு அஞ்சு மாசம். ரெண்டு தடவை கலைஞ்சுபோயி இப்பதான் ஒண்ணு தங்கியிருக்கு. நான் குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவினேன். நேரா ஜி.எச்.சுக்குப் போய்டலாம், தடுப்பூசி போட்டுக்கோ, கர்ப்பத்துக்கு ஒண்ணும் ஆகாது, நானும் கூட வர்றேன்னு சொன்னேன். அவளும் சரின்னு தலையாட்டினா.

அப்பதான் எச்.ஆர். மேனேஜர் அருணகிரி சார் வந்தாரு. கையில இன்னா தெரியுமா? கம்பெனியில சுத்தற நாய்ங்களுக்கு ஊசி போட்டாச்சுன்னு நீ கையெழுத்துப் போட்ட கார்டு. செக்யூரிட்டி ரூம் சுவத்துல வரிசையா ஆறு கார்டு மாட்டி வெச்சிருக்காங்களே, அதுல ஒண்ணைக் கழட்டி எடுத்துட்டு வந்துட்டாரு. எதைக் கழட்டினாருன்னு அவருக்கே தெரியாது. இந்தாம்மா, இது ஊசி போட்ட நாய், டாக்டர் சீல் இருக்கு பாரு, நம்ம சிஸ்டரோட தம்பிதான் போட்டாரு, எதுக்குப் பயப்படறன்னு சொன்னாரு. ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர்ல ஒரு வரி ஏறக் கூடாது, அவருக்கு அவ்ளோதான். சார், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவங்களுக்குப் போட்டே ஆகணும்னு நான் எவ்ளோ சொன்னேன். உங்க தம்பியை நீங்களே நம்பலையா சிஸ்டர்னு கேட்டுட்டு சிரிச்சாரு. ஜாஸ்மின் மொகத்துல அப்பவே ஒரு நிம்மதி வந்துடுச்சு. கார்டை போன்ல போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டு பஸ் ஏறிப் போய்ட்டா.

அதுக்கப்புறம்தான் நான் செக்யூரிட்டி ரூமுக்குப் போயி ஆறு கார்டையும் படிச்சுப் பார்த்தேன். ஏன்டா, உனக்கு வெக்கமா இல்ல? பேருங்கற இடத்துல டாமி ஒண்ணு, டாமி ரெண்டுன்னு ஆறு வரைக்கும் எழுதி வெச்சிருக்க. ஆறுக்கும் நிறம் பிரவுன். கேட்டுல நாள் பூரா படுத்துக் கிடக்கே ஒரு கன்னங்கரேல்னு நாய், அதுவும் உனக்கு பிரவுனா? ஆணா பெண்ணா, எழுதல. வயசு, எழுதல. அடையாளம் எழுதற இடத்துல ஒரு கோடு இழுத்துட்டுப் போய்ட்ட. உன் கையெழுத்தும் சீலும் ரிஜிஸ்டர் நம்பரும் மட்டும் ஆறுலயும் பளிச்சுன்னு இருக்கு. அது மேல லாமினேஷன் வேற! அடுத்த வருஷம் போடற ஊசியை எங்கடா எழுதுவ, பிளாஸ்டிக் மேலயா? கொண்டு வந்து மாட்டினவங்களுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது? இந்த வேலைக்கு உன் பேரைச் சொல்லி சிபாரிசு பண்ணவ நான். எனக்கு அங்கயே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

நேத்து காலையில கேட் செக்யூரிட்டி ஹயாத் பாஷா பாய் என் ரூமுக்கு வந்தாரு. நீ ஊசி போட வந்த ஞாயித்துக்கிழமை கோணியைப் போட்டு நாயை அமுக்கிப் பிடிச்சுக் குடுத்தது அவருதானே. கதவைச் சாத்திட்டு மெதுவா சொன்னாரு. அன்னிக்கு நாலு நாய்தான் பிடிபட்டுச்சாம். ரெண்டு ஓடிப்போச்சாம். ஸ்கிராப் ஷெட் நாய் அந்த ரெண்டுல ஒண்ணாம். மீதி ரெண்டு மருந்து பாட்டில்லேர்ந்து ஸ்டிக்கரை மட்டும் உரிச்சு கார்டுல ஒட்டிட்டு, பாட்டிலை நீ திரும்ப ஐஸ் பெட்டியில வெச்சுக்கிட்டுப் போனியாம். கம்பெனியில என் பேரை மட்டும் இழுத்துடாதீங்க சிஸ்டர், வேலை போய்டும்னு கெஞ்சினாரு.

உடனே உனக்கு அடிச்சேன். இல்லவே இல்லக்கா, அந்த ஆளு உளர்றாருன்னு நீ சொல்லுவன்னு நெனச்சேன். நீ இன்னா சொன்ன? ஆமாக்கா, ரெண்டு சிக்கல, மறுநாள் சரக்கு வாங்கற பையரோட ஆடிட், அருணகிரி சார் காலைப் பிடிக்காத குறையா கேட்டாரு, அப்புறமா வந்து போட்டுடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ஐதராபாத் வேலை வந்துடுச்சுன்னு சொன்ன. அதோட விட்டியா? ஆடிட்டுக்கு ஒரு பேப்பர்தானேக்கான்னு வேற சொன்ன.

பேப்பர்தானா? போன தடவை ஆடிட்டுக்கு வெளிநாட்டுலேர்ந்து வந்த அந்த ஆடிட்டர் அம்மா கேட்டுல நாயைப் பார்த்துட்டு, இதுங்களுக்கு ஊசி போட்டிருக்கான்னு எதுக்குக் கேட்டாங்க? அத்தனை பொம்பளைங்க தினம் அந்த வழியாத்தானே போறாங்க வர்றாங்க. எங்கேயோ இருக்கறவங்களுக்கு வந்த அந்த அக்கறை இந்த ஊர்ல பொறந்த உனக்கு வரலையே! ரெண்டு பிடிபடலன்னு ரெண்டு கார்டை காலியா விட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்? ஆடிட்ல ஒரு பாயிண்ட் குறைஞ்சிருக்கும். அருணகிரி சார் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு திரிஞ்சிருப்பாரு. அவ்ளோதானே? இப்ப பாரு, நீ மெய்யாலுமே ஊசி போட்ட நாலு நாய்கூட எதுன்னு யாருக்கும் தெரியல. வெயில்ல அதுங்க பின்னாடி ஓடி நீ பட்ட பாடும் வீண்.

கடிச்ச நாயைக் கட்டி வெச்சுப் பத்து நாள் பார்க்கலாம்னா, நேத்துலேர்ந்து அதைக் காணோம். குட்டிங்க மட்டும் ஷெட்டுக்கு அடியில கத்திக்கிட்டுக் கிடக்குது. பால் குடுக்கற நாய் குட்டிங்களை விட்டுட்டு எங்கடா போகும்? நீ இதுக்குன்னே படிச்சவன், நீயே சொல்லு.

நேத்து சாயந்திரம் ஜாஸ்மின் வீட்டுக்குப் போனேன். அவ மாமியார் ஜஹீருன்னிசா அம்மாவை உனக்கு நல்லாத் தெரியும். பக்ரீத்துக்கு வாங்கின ஆடு வயிறு உப்பிக் கிடந்துச்சுன்னு ஓடிப்போயி காப்பாத்திக் குடுத்தியே, அந்த வீடுதான். உன் பேருன்னா அவங்களுக்கு அவ்ளோ மரியாதை. கார்டு போட்டோவை எனக்கே காட்டறாங்க. ஜான்சன் டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, அப்புறம் எதுக்கு மாசமா இருக்கற பொண்ணுக்குத் தேவையில்லாம ஊசி, ரெண்டு தடவை நாங்க பட்டது போதாதான்னு கேக்கறாங்க. கர்ப்பத்துக்கு ஆபத்தே இல்ல, ஒரு பாதுகாப்புக்குப் போட்டுக்கலாம்னு நானும் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்ப உங்க தம்பி போட்ட கையெழுத்து பொய்யா சிஸ்டர்னு அந்தம்மா நேராவே கேட்டுட்டாங்க.

நான் வாயைத் திறக்கல ஜான்சன். டீயைக் குடிச்சுட்டு எழுந்து வந்துட்டேன். இத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்துட்டு, ஒரு உயிருக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு, உன் மானத்தைப் பார்த்து ஊமையாட்டம் வந்துட்டேன். என்னை இப்படிக் கொண்டாந்து நிறுத்திட்டியேடா பாவி. நேத்துலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. வெறி ஏறிட்டா அப்புறம் மருந்தே கிடையாதுன்னு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?

கவுன்சில்ல ரிஜிஸ்ட்ரேஷன் போய்டும், இப்ப சேர்ந்திருக்கற ஆஸ்பத்திரியில வெளிய அனுப்பிடுவாங்கன்னு பயப்படற. அனுப்பினாலும் அனுப்புவாங்க. எனக்கு அது தெரியாதுன்னு நெனக்காதே. உன் படிப்புக்கு அம்மா கழட்டிக் குடுத்த கம்மல் இன்னும் திரும்பி வரல, அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு. வேலை போனா அக்கா வீட்ல சோறு இருக்கு, வந்து சாப்பிடு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா நீயும் நானும் எங்க போயி நிப்போம்?

இன்னிக்கு ஷிஃப்ட் விட்டதும் நேரா அவங்க வீட்டுக்குத்தான் போறேன். அதுக்குள்ள அவ வீட்டுக்காரர் சுஹேலுக்கு நீயே போன் பண்ணு. நம்பரைத் தனியா அனுப்பறேன். நீளமா ஒண்ணும் பேச வேணாம். அந்த நாய்க்கு நான் ஊசி போடல, இப்பவே கூட்டிட்டுப் போயி போடுங்கன்னு சொல்லு, போதும். நீ சொன்னா, டாக்டர் தப்பை ஒத்துக்கிட்டாருன்னு இருக்கும். நான் சொன்னா, அக்காவே காட்டிக் குடுத்தான்னு ஆகும். என்னை அப்படிச் செய்ய வெக்காதே தம்பி. கர்த்தர் உனக்கு வாயைத் திறக்க பெலன் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
பிரிசில்லா


ஆம்பூர்
வியாழக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

நீ படிச்சது எனக்குத் தெரியும். அனுப்பின கொஞ்ச நேரத்துலயே வாட்ஸ்அப்ல நீல டிக் விழுந்துடுச்சு. சுஹேலுக்குப் போன் போயிருக்கும், போயிருக்கும்னு ஷிஃப்ட் விடற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன். போகல. நான்தான் போனேன்.

ஜஹீருன்னிசா அம்மா டீ போட எழுந்தாங்க. வேணாம், உக்காருங்கன்னு சொல்லிட்டு, அந்த நாய்க்கு ஊசி போடவே இல்ல, கார்டுல எழுதியிருக்கறது பொய், நேத்தே சொல்லியிருக்கணும், என்னை மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். புர்காவை எடுத்து மாட்டிக்கிட்டு, சுஹேலை ஆட்டோ கூப்பிடச் சொன்னாங்க.

ஜி.எச்.ல கையில தடுப்பூசி போட்டுட்டு, காயத்தைச் சுத்தி சீரம் ஊசியும் குத்தினாங்க. வலியில ஜாஸ்மின் என் கையைப் பிடிச்ச பிடியில அவ வளையல் ரெண்டு உடைஞ்சுபோச்சு. திங்கக்கிழமை கடிச்சதுக்கு இன்னிக்கா வர்றதுன்னு டூட்டி டாக்டர் சத்தம் போட்டாரு. அவ போனை எடுத்து அந்தக் கார்டு போட்டோவைக் காட்டினா. அவரு அதைப் பெருசு பண்ணி, சீல்ல இருக்கற பேரை வாய்விட்டுப் படிச்சாரு. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

குழந்தைத் துடிப்பு நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ஊசிக்கு இன்னும் மூணு தடவை போகணும். அதெல்லாம் முடியற வரைக்கும் எனக்கு உசுரு என்கிட்ட இல்ல. நாய் இன்னும் கிடைக்கல. குட்டிங்களுக்கு ஹயாத் பாஷா பாய் பால் ஊத்தறாரு, கையில படாம பார்த்துக்குங்கன்னு சொல்லியிருக்கேன். இன்னிக்குக் காலையில முதல் வேலையா கடிச்சதை ரிஜிஸ்டர்ல எழுதினேன். அருணகிரி சார் குதிச்சாரு. குதிக்கட்டும்னு விட்டுட்டேன். சுவத்துல இருந்த கார்டு எல்லாத்தையும் எடுக்க வெச்சாச்சு.

நேத்து நாங்க ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வர்றப்போதான் உன் போன் வந்துச்சு. எடுத்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, எம் பேரைச் சொல்லிட்டியாக்கான்னு. ஜாஸ்மின் எப்படி இருக்கான்னு கேக்கல. ஊசி போட்டாச்சான்னு கேக்கல. எனக்கு வந்த ஆத்திரத்துல பதில் சொல்லாம இந்தத் தடவை நான் கட் பண்ணேன்.

இப்ப சொல்றேன். ஜான்சன் டாக்டர் ஊசி போடலன்னு நான் சொல்லல. என் கூடப் பிறந்த தம்பி போடலன்னு சொன்னேன். நீ யாரோன்னு வெச்சுக்கிட்டுப் பேச எனக்கு வாய் வரல.

சனிக்கிழமை காலையில அவளுக்கு அடுத்த ஊசி, நான்தான் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு ராத்திரி ரயில் ஏறினா விடிஞ்சு காட்பாடியில இறங்கிடலாம். வந்து என் பக்கத்துல நில்லு.

கர்த்தர் ஜாஸ்மினையும் அவ வயித்துல இருக்கறதையும் காப்பாத்தட்டும். அப்புறம் உன்னையும்.

இப்படிக்கு,
அக்கா